டவுன்பர்ஸ்ட்: மேகத்திலிருந்து விழும் காற்றைக் கண்டுபிடித்த ஃபுஜிட்டா

கோடைக்கால சாயங்காலம். காசிமேட்டில் ஒரே புழுக்கம். திடீர்னு ஜில்லென்று ஒரு காற்று. சில நிமிடங்களில் தகரக் கூரைகள் பறக்கும், கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று மோதும். புயல் எச்சரிக்கையே இல்லையே, இது எங்கிருந்து வந்தது?

மேலிருந்துதான். இடிமேகத்துக்குள் மழைத்துளிகள் ஆவியாகும்போதும், ஆலங்கட்டி உருகும்போதும் சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனமாகிறது. அது அப்படியே தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். இதற்கு டவுன்பர்ஸ்ட் என்று பெயர். இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா.

1920-ல் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தவர். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டின் முதல் இலக்கு, அவர் வேலை பார்த்த ஊருக்குப் பக்கத்தில் இருந்த கொக்குரா. வானம் தெளிவாக இல்லாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அதன்பின் நாகசாகி, ஹிரோஷிமாவுக்கு ஆய்வுக்குப் போன ஃபுஜிட்டா, வெடிப்பு மையத்திலிருந்து மரங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததைக் கவனித்தார்.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகம் போனார். டொர்னாடோவின் வலிமையை அளக்கும் எஃப் ஸ்கேல், 1971-ல் அவர் தந்ததுதான். 1974-ல் டொர்னாடோ சேதங்களை விமானத்திலிருந்து பார்த்தபோது, ஓரிடத்தில் மரங்கள் சுழலாமல் நட்சத்திரம் மாதிரி வெளிப்புறமாக விழுந்திருந்தன. நாகசாகியில் பார்த்த அதே கோலம்!

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் தரையிறங்கவிருந்த விமானம் நொறுங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணம் டவுன்பர்ஸ்ட் என்றார் ஃபுஜிட்டா. சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. அவர் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. 1978-ல் சிகாகோ அருகே டாப்ளர் ரேடார்களை வைத்துக் காத்திருந்தார். சுமார் 50 சிறிய டவுன்பர்ஸ்ட்கள் சிக்கின. பிறகு அமெரிக்க விமான நிலையங்களுக்கு இதற்கென்றே ரேடார்கள் வந்தன. ஃபுஜிட்டா 1998-ல் காலமானார்.

சரி, வடசென்னைக்கு என்ன?

ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே, சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002-ல் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை அது சொல்லும். அருகருகே இரண்டும் தெரிந்தால் காற்று சிதறுகிறது என்று அர்த்தம். மேகத்தின் நடுவில் இருக்கும் கனமான மழைப்பகுதி சட்டென இறங்குவது அதற்கு முந்தைய அறிகுறி. மீனம்பாக்கத்தில் பறக்கவிடும் வானிலை பலூன், மேலே வறண்ட காற்று இருக்கிறதா என்று காட்டும். இருந்தால் ஆபத்து அதிகம்.

ஒரு சிக்கல்: எந்த ரேடாருக்கும் தன் தலைக்கு நேர் மேலே பார்வை கிடையாது. ராயபுரத்தின் மேலேயே மேகம் நின்றால் தூரத்து ரேடார்தான் கைகொடுக்கும். 2022-ல் பள்ளிக்கரணையில் இன்னொரு ரேடார் வந்தது அதனால்தான் முக்கியம்.

இவ்வளவு இருந்தும் கிடைப்பது பல நேரம் சில நிமிடங்கள்தான். ஆனால் எண்ணூரில் கிரேனை நிறுத்திப் பூட்டவும், திருவொற்றியூரில் உயரத்தில் வேலை செய்பவர் கீழே இறங்கவும் அந்தச் சில நிமிடங்கள் போதும். எச்சரிக்கை அவர்கள் கைபேசிக்கு உடனே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.