பாதுகையைத் துறந்து மலையேறியவர்

தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பிடுவது வேங்கட மலையை. அம்மலையில் ஒரு படியாகக் கிடந்தாலும் போதும் என்று ஏங்கினார் குலசேகராழ்வார். அந்த ஏக்கத்தின் நினைவாகவே திருவேங்கடமுடையான் சந்நிதியின் வாயிற்படி இன்றும் குலசேகரன் படி என்று வழங்கப்படுகிறது. புரட்டாசி மாதத்தில் மஞ்சள் ஆடை உடுத்து, தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து கால்நடையாகவே திருமலைக்குச் செல்லும் அடியார்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நடந்து சென்று மலையேறுவது இத்திருத்தலத்தில் வெறும் பயணமன்று. அதுவே ஒரு வழிபாடு.

அவ்வாறு மலையேறிய கோடிக்கணக்கான அடியார்களுள் ஒருவர் எட்டு வயதுச் சிறுவர். துணைக்குப் பெற்றோர் இல்லை. கையில் பொருள் இல்லை. அம்மலைப் பாதையில் அவர் கற்ற ஒரு பாடம் தொண்ணூற்றைந்து ஆண்டு வாழ்க்கை முழுவதற்கும் போதுமானதாயிற்று. அவரே தெலுங்கு இசை உலகின் பிதாமகராகப் போற்றப்படும் தாள்ளபாக அன்னமாசாரியார். அன்னமய்யா என்று அன்போடு அழைக்கப்படுபவர்.

பிறப்பும் இளமையும்

ஆந்திரப் பிரதேசத்தில், கடப்பைப் பகுதியிலுள்ள ராஜம்பேட்டைக்கு அருகில் இருக்கும் சிற்றூர் தாள்ளபாக. அவ்வூரில் 1408-ஆம் ஆண்டு, நாராயண சூரி, லக்கமாம்பா என்னும் தம்பதியரின் மகனாக அன்னமய்யா தோன்றினார். நெடுநாள் குழந்தைப்பேறு இல்லாமல் இருந்த அவர்கள் திருமலைக்குச் சென்று, கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கி, வேண்டிப் பெற்ற பிள்ளை அவர் என்பது குடும்ப வரலாறு. இவ்வரலாற்றை எழுதி வைத்தவர் அன்னமய்யாவின் பேரரான சின்னன்னா. அன்னமாசாரியாரின் வாழ்க்கையை நாம் அறிவதற்கு முதன்மையான ஆதாரம் தெலுங்கில் அவர் இயற்றிய சரித்திர நூலே.

சிறுவயதிலேயே அன்னமய்யாவின் நாவில் வேங்கடவனின் நாமம் குடிகொண்டிருந்தது. தம்பூரையைக் கையில் ஏந்திப் பாடிக்கொண்டிருப்பதே அவருக்கு விருப்பம். கூட்டுக் குடும்பத்தில் அனைவரும் உழைக்கும்போது ஒருவன் மட்டும் பாடித் திரிவது எவருக்குப் பிடிக்கும்? அண்ணனும் அண்ணியும் கடிந்துகொண்டனர். ஒருநாள் மாட்டுக்குப் புல் அறுத்துவர அவரைக் காட்டுக்கு அனுப்பினர். பழக்கமில்லாத கையில் அரிவாள் பட்டு விரல் அறுந்து குருதி வழிந்தது. வலியில் நிமிர்ந்து பார்த்தவரின் கண்ணில், கோவிந்த நாமத்தை முழங்கிக்கொண்டு திருமலைக்குச் செல்லும் ஓர் அடியார் கூட்டம் தென்பட்டது. புல்லையும் அரிவாளையும் அங்கேயே விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து நடந்தார் சிறுவர்.

சேஷாசலப் பாதை

தாள்ளபாகவிலிருந்து திருப்பதிக்கு இன்றைய சாலை வழியே செல்வதானால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அந்நாளில் அது பல நாள் நடை. வழியெங்கும் சேஷாசல மலைத்தொடரின் காடுகள். செம்மரம் இயற்கையாக வளரும் மிகச்சில இடங்களில் இதுவும் ஒன்று. சிறுத்தையும் கரடியும் வாழும் காடு இது. இதன் உயிர்வளத்தைக் கருதி 2010-ஆம் ஆண்டு மத்திய அரசு இதனை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கடப்பைப் பக்கத்து அடியார்கள் காட்டின் ஊடே குறுக்காக நடந்து திருமலையை அடையும் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதனை மக்கள் இன்றும் அன்னமய்யாவின் பெயராலேயே அழைக்கின்றனர்.

ஆனால் சிறுவர் அன்னமய்யா முதன்முறை மலையேறியது அடிவாரத் திருப்பதியிலிருந்து செல்லும் பாதையில்தான் என்று சின்னன்னாவின் நூலிலிருந்து அறிகிறோம். ஊரின் காவல் தெய்வமான கங்கம்மாவை வணங்கி, அடிவாரத்து நரசிம்மரைத் தொழுது, அவர் ஏறத் தொடங்கினார்.

இன்று அலிபிரியிலிருந்து செல்லும் அந்தப் பாதையில் 3,550 படிகள் உள்ளன. மேற்கூரை, மின்விளக்கு, குடிநீர் ஆகிய வசதிகள் அனைத்தும் உண்டு. திருமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைக்கு மோட்டார் சாலை வந்தது 1944-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு அரசரும் ஆண்டியும் இந்த மலைப்பாதைகளையே நம்பியிருந்தனர். நடக்க இயலாதவர்களை டோலியில் சுமந்து சென்றனர். அன்னமய்யாவின் காலத்திலோ பாறையும் மூங்கிற் புதரும் செங்குத்தான ஏற்றமுமே பாதையாக இருந்தன.

அந்த ஏற்றத்தில் மிகக் கடினமான பகுதிக்குத் தெலுங்கில் மோகாள்ள மிட்டா என்று பெயர். முழங்கால் மேடு என்பது பொருள். தமிழர் இதனை முழங்கால் முறிச்சான் என்று அழைத்தனர். ஏறுபவரின் முழங்காலைச் சோதிக்கும் செங்குத்து அது. மலையை ஆதிசேஷனின் திருமேனியாகவே கருதிய ஸ்ரீராமானுஜர், அதனைப் பாதத்தால் மிதிக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. அவ்விடத்தில் அவருக்கு ஒரு சந்நிதியும் இருக்கிறது.

கழற்றிய பாதுகை

நாள் முழுவதும் உணவின்றி நடந்து களைத்த சிறுவர், முழங்கால் மேட்டை அடைந்ததும் மேலும் அடியெடுத்து வைக்க இயலாமல் ஒரு மூங்கிற் புதரின் நிழலில், பாறைமேல் படுத்து உறங்கிவிட்டார். உடன் வந்தவர்கள் முன்னே சென்றுவிட்டனர். அவருடைய கால்களில் பாதுகை இருந்தது.

அப்போது முதிய சுமங்கலியின் வடிவில் அலமேலுமங்கைத் தாயார் அங்கு எழுந்தருளினார் என்று சரித்திரம் கூறுகிறது. கண்ணிருந்தும் வழி தெரியவில்லை என்று கலங்கிய பிள்ளையைத் தாயார் தேற்றினார். இம்மலை சாளக்கிராம மயமானது என்றும், பாதுகையோடு ஏறுவதால்தான் வழி புலப்படவில்லை என்றும் எடுத்துரைத்தார். சிறுவர் பாதுகையைக் கழற்றினார். மலை முழுவதும் ஒளிமயமாகத் தெரிந்தது. தாயார் பிரசாதத்தை ஊட்டிப் பசியாற்றினார். அந்த மகிழ்ச்சியில் அன்னமய்யா அலமேலுமங்கையின் பெயரில் ஒரு சதகத்தையே பாடிவிட்டார் என்பர்.

இந்நிகழ்ச்சியை அற்புதமாகக் கொள்வதும் கொள்ளாததும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் அதனுள் பொதிந்துள்ள தத்துவம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மலைப்பாதையில் பாதுகை காலைக் காக்கிறது. கல்லுக்கும் காலுக்கும் இடையே அது ஒரு திரையாகவும் நிற்கிறது. நான் நடக்கிறேன், நான் ஏறுகிறேன், என் வலிமையால் உச்சியை அடைவேன் என்னும் எண்ணமும் அத்தகைய ஒரு திரையே. நம்மைக் காப்பதுபோல் தோன்றி, அடைய வேண்டியதிலிருந்து அது நம்மைப் பிரித்துவைக்கிறது. சிறுவரிடம் அதுவரை இருந்த வலிமை தீர்ந்த இடத்தில்தான் வழி திறந்தது. அதன்பின் மலை அவருக்குக் கடக்க வேண்டிய தடையாக இல்லை. தாங்கி நிற்கும் திருமேனியாகவே விளங்கியது.

திருமலையில்

மலையுச்சியை அடைந்த அன்னமய்யா சுவாமி புஷ்கரிணியில் நீராடி, கோயிலுள் புகுந்து, தம் ஆடையின் முனையில் முடிந்து வைத்திருந்த காசை உண்டியலில் செலுத்தித் திருவேங்கடவனைக் கண்குளிரத் தரிசித்தார். கனவிஷ்ணு என்னும் வைணவத் துறவி அவருக்குச் சங்கு, சக்கர முத்திரை அளித்து வைணவ நெறியில் சேர்த்தார். மகனைத் தேடிக்கொண்டு வந்த தாய் திருமலையில் அவரைக் கண்டு, வேண்டி ஊருக்கு அழைத்துச் சென்றார்.

1424-ஆம் ஆண்டு, பதினாறாவது வயதில், அவருக்கு இறைவனின் காட்சி கிட்டியதாகவும், அன்று முதல் சங்கீர்த்தனங்களை இயற்றத் தொடங்கியதாகவும் செப்பேடு கூறுகிறது. திம்மக்கா, அக்கலம்மா என்னும் இருவரை மணந்து இல்லறம் நடத்தினார். திம்மக்கா சுபத்ரா கல்யாணம் என்னும் காவியத்தை இயற்றித் தெலுங்கின் முதல் பெண் கவிஞர் என்ற பெருமையைப் பெற்றவர். அன்னமய்யா அஹோபிலத்தில் ஆதிவண் சடகோப யதியிடம் வேதாந்தம் பயின்றார். ஆழ்வார்களின் தமிழ்ப் பக்தி அவர் உள்ளத்தில் தெலுங்காக மலர்ந்தது. ஸ்ரீராமானுஜரைப் போற்றியும் அவர் பாடியிருக்கிறார்.

அரசனின் சங்கிலி

முழங்கால் மேட்டில் கழற்றிய பாதுகையை மீண்டும் அணிந்துகொள்ளும்படி வாழ்க்கை அவரை ஒருமுறை அழைத்தது. சாளுவ நரசிம்மர் பிற்காலத்தில், 1485-ஆம் ஆண்டையொட்டி, விஜயநகரப் பேரரசின் அரியணையில் அமர்ந்தவர். அவர் டங்குடூரில் இருந்த காலத்தில் அன்னமய்யாவிடம் நட்பும் மதிப்பும் கொண்டு தம் அவைக்கு அழைத்துப் போற்றினார். ஒருநாள் தாயாரின் அழகை அன்னமய்யா பாடக் கேட்டு வியந்த மன்னர், அத்தகைய பாடல் ஒன்றைத் தம்மீதும் பாடும்படி கேட்டார்.

அன்னமய்யா இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். ஹரியைப் பாடிய நாவால் மனிதரைப் பாட இயலாது என்று மறுத்துவிட்டார். சினம் கொண்ட மன்னர் அவரைச் சங்கிலியால் பிணித்துச் சிறையில் இட்டார். அங்கும் அவர் பாடியது வேங்கடவனையே. சங்கிலி தானே கழன்று விழுந்தது என்றும், மன்னர் தம் பிழையை உணர்ந்து அவருடைய பாதங்களில் பணிந்தார் என்றும் சரித்திரம் கூறுகிறது.

மறுத்தபோது அவர் முன் இருந்தவை எளியவை அல்ல. அரச நட்பு, செல்வம், குடும்பத்தின் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் ஒரே ஒரு பாடலுக்காகக் காத்திருந்தன. அந்த ஒரு பாடலைப் பாடியிருந்தால் யாரும் அவரைக் குறைகூறியிருக்க மாட்டார்கள். அரசரைப் பாடுவது அக்காலப் புலவர்களின் வழக்கம். ஆனால் ஒருமுறை வெறுங்காலோடு மலையேறியவருக்கு, எது காலைக் காக்கும் தோல், எது கண்ணை மறைக்கும் திரை என்பது தெரிந்திருந்தது. அதன்பின் அரசவையை விட்டு நீங்கி, பெரும்பாலும் திருமலையிலேயே அவர் வாழ்ந்தார். தாம் நின்ற பாறையில் மன்னரும் ஏவலரும், அந்தணரும் கடைக்குலத்தாரும் ஒரே நிலத்தில் நிற்பவர்களே என்று அவர் பாடியது நூற்கல்வியால் மட்டும் வந்ததன்று. மலைப்பாதை எவருக்கும் தனிச்சலுகை தருவதில்லை.

செப்பேட்டில் நிலைத்த பாடல்கள்

நாளொன்றுக்கு ஒரு பாடலேனும் சமர்ப்பிப்பது என்ற நியமத்தை அன்னமய்யா இறுதிவரை காத்தார். அவர் இயற்றியவை 32,000 சங்கீர்த்தனங்கள் என்று மரபு கூறுகிறது. ஆன்ம ஞானத்தைப் பேசுபவை, இறைவனும் தாயாரும் கொண்ட காதலைப் பாடுபவை என அவை இரு வகைப்படும். பல்லவியும் சரணங்களும் கொண்ட அமைப்பைத் தெலுங்கில் நிலைநிறுத்தியவர் அவரே. 1503-ஆம் ஆண்டு, பங்குனி மாதத் தேய்பிறைத் துவாதசியன்று அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய மகன் பெரிய திருமலாசாரியார் தந்தையின் பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்து, திருமலைக் கோயிலினுள் உண்டியலுக்கு எதிரே இருந்த ஒரு சிறு அறையில் வைத்துக் காத்தார். காலப்போக்கில் அவற்றைப் பாடுவார் இல்லாமல் போயினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சாது சுப்ரமணிய சாஸ்திரி போன்றோரின் முயற்சியால், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அச்செப்பேடுகள் வெளிக்கொணரப்பட்டன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா ஆகியோர் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். இன்று நமக்குக் கிடைத்திருப்பவை 12,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். திருமதி எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் இவற்றுள் சில தமிழ் இல்லங்கள் தோறும் ஒலித்தன. கடப்பைக் காட்டில் புல்லறுக்க மறந்த சிறுவரின் பாடல், நானூறு ஆண்டு மௌனத்திற்குப் பின் நாடெங்கும் கேட்கலாயிற்று.

ஒவ்வோர் ஆண்டும் அன்னமாசாரியாரின் நினைவு நாளையொட்டி அலிபிரியின் பாதால மண்டபத்தில் படித் திருவிழா நடைபெறுகிறது. அடியார்கள் முதற்படிக்கு மஞ்சள், குங்குமம் இட்டு, அவருடைய பாடல்களைப் பாடியபடி மலையேறுகின்றனர்.

நம்மில் பலருக்குத் திருமலைப் படிகளை ஏறும் வாய்ப்பும் வலிமையும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொருவர் வாழ்விலும் ஒரு முழங்கால் மேடு உண்டு. வலிமை தீர்ந்து, துணை முன்னே சென்றுவிட, வழி தெரியாமல் அமர்ந்துவிடும் இடம் அது. அங்கே நாம் முதலில் தேட வேண்டியது புதிய வலிமையை அன்று. இன்னும் கழற்றாமல் இருக்கும் பாதுகை எது என்பதையே. அதைக் கண்டு கழற்றுபவருக்கு மலையே வழிகாட்டும். கழற்றியதை மீண்டும் அணியாமல் காப்பது வாழ்நாள் சாதனை. அச்சாதனையில் வெற்றி கண்டவர் அன்னமாசாரியார்.