சங்கமகிராமத்து மாதவர்

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்சாலக்குடா என்னும் ஊர் உள்ளது. பழைய நூல்கள் கூறும் சங்கமகிராமம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்த கணித மேதை மாதவர் அவ்வூரினர்.

கோள்களின் இருப்பிடத்தைக் கணிப்பதே அக்காலக் கணிதரின் தலையாய பணி. திதியையும் கிரகணத்தையும் அறிய அக்கணிப்பு வேண்டும். அதற்கு, இன்று சைன் எனப்படும் அரைநாண் அளவுகள் தேவைப்பட்டன. ஆரியபட்டர் வழியில், கால் வட்டத்தை 24 சம பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய அளவை மாதவர் முன்னோரினும் நுட்பமாகக் கணித்தார். ஆனால் அட்டவணையில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 3.75 பாகை. கோள் அவ்விரண்டிற்கும் நடுவே நின்றால் என் செய்வது?

மாதவர் வழி கண்டார். அறிந்த அளவை எடுத்துக்கொள்க. அவ்விடத்து மாறும் வீதத்தைத் தொலைவால் பெருக்கி அதனுடன் கூட்டுக. கோணம் வளர வளர அவ்வீதம் குறைவதால், சிறு திருத்தம் ஒன்றைக் கழிக்க. ஆரம் 1 உடைய வட்டத்தில், 30 பாகையின் சைன் 0.5, அவ்விடத்து வீதம் 0.8660. ஒரு பாகை வில்லின் நீளம் 0.01745. பெருக்கிக் கூட்டினால் 0.51511 வரும். திருத்தமாகிய 0.00008ஐக் கழித்தால் 0.51503. 31 பாகையின் உண்மை அளவு 0.51504.

ஏறத்தாழ 290 ஆண்டுகளுக்குப் பின், 1715இல், இங்கிலாந்தின் புரூக் டெய்லர் இத்தகைய விரிவைப் பொது விதியாக வெளியிட்டார். அவ்விதியைத் திருப்பினால், அறிந்த அளவுகளிலிருந்து வீதத்தைப் பெறலாம். சாந்தன்பாறை ஏலத்தோட்டச் சரிவு ஒன்றில் ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் முன்னே நிலம் 3 மீட்டர் உயர்கிறது. 10 மீட்டர் பின்னே 1 மீட்டர் தாழ்கிறது. முன்புறத்தை மட்டும் நோக்கினால் சரிவு 10க்கு 3. பின்புறத்தை மட்டும் நோக்கினால் 10க்கு 1. இரண்டையும் சேர்த்தால் 20க்கு 4, அதாவது 10க்கு 2. நிலத்தின் வளைவு முன்னளவை மிகுதியாகவும் பின்னளவைக் குறைவாகவும் காட்டுகிறது. சேர்க்கும்போது அவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று நீக்குகின்றன. வானிலையைக் கணிக்கும் கணினிகளும் இம்முறையைக் கையாள்கின்றன.

சந்திரனின் நிலையைக் கணிக்கும் வேண்வாரோகம் போன்ற மாதவரின் நூல்கள் சிலவே எஞ்சின. அவருடைய தொடர் விதிகளைக் கூறும் மூலநூல் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் புகழ் அழியவில்லை. பரமேசுவரர், நீலகண்டர் என வழிவழி வந்த மாணாக்கர் அவருடைய கண்டுபிடிப்புகளை அவர் பெயராலேயே போற்றி எழுதினர். வடமொழியில் எழுதுவதே வழக்கமாயிருந்த 16ஆம் நூற்றாண்டில், சேட்டதேவர் அவ்விதிகளின் காரணங்களைத் தம் தாய்மொழியாகிய மலையாளத்தில் யுக்திபாஷா என்னும் நூலாக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப்பணியில் இருந்த சார்லசு விசு 1834இல் வெளியான கட்டுரையின் வழியே இவற்றை ஐரோப்பியருக்கு அறிவித்தார்.

ஆசிரியரின் ஏடு மறைந்தது. மாணாக்கரின் நன்றி அவரை வாழ்விக்கிறது. தாய்மொழியில் எழுதப்பட்ட காரணங்கள் அவருடைய அறிவை இன்றும் விளக்குகின்றன.

சொற்பொருள்
மேதை – பேரறிஞர்
வீதம் – மாறும் அளவு
மாணாக்கர் – மாணவர்
ஏடு – எழுதப்பட்ட ஓலை

விடையளிக்க
1. மாதவர் திருத்தத்தை ஏன் கழித்தார்?
2. முன்னும் பின்னும் அளப்பதன் பயன் யாது?
3. சேட்டதேவர் தாய்மொழியில் எழுதியது ஏன் சிறப்புடையது? உங்கள் சொற்களில் ஐந்து வரிகள் எழுதுக.