ஓவியர் ஆக விடாத அப்பா... மூளையை வரைந்து நோபல் வாங்கிய மகன்! யார் இந்த ரமோன் இ கஹால்?

நரம்பியல் புத்தகம் எதைத் திறந்தாலும் ஒரு படம் கட்டாயம் இருக்கும். வேரோடு பிடுங்கிய செடி மாதிரி, மேலே கிளைகளும் கீழே நீண்ட வாலுமாக ஒரு செல். பெயர் நியூரான். மூளை இப்படித் தனித்தனிச் செல்களால் ஆனது என்பது இன்று பள்ளிப் பாடம். சுமார் 140 வருடங்களுக்கு முன்பு அதுவே பெரிய சண்டை.

அந்தச் சண்டையின் போக்கை மாற்றியவர் பாரிஸிலோ பெர்லினிலோ பெரிய லேப் வைத்திருந்தவர் இல்லை. ஸ்பெயினில், வீட்டிலேயே மைக்ரோஸ்கோப் வைத்து ஆராய்ச்சி செய்த மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். முழுப் பெயர், சான்டியாகோ ரமோன் இ கஹால்.

பீரங்கி செய்த பையன்

1852 மே 1-ம் தேதி பெட்டிலா டி அரகோன் என்ற சிறு கிராமத்தில் கஹால் பிறந்தார். அப்பா ஹுஸ்டோ ரமோன், கஷ்டப்பட்டுப் படித்து முன்னேறிய டாக்டர். மகனும் டாக்டர் ஆகணும் என்பதில் கறாராக இருந்தார். மகனுக்கோ பென்சில் கிடைத்தால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். படம் வரைவதெல்லாம் உருப்படாத வேலை என்று அப்பா தடுத்துவிட்டார்.

பையன் அடங்கவில்லை. 11 வயதில் தானே ஒரு பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுத் தோட்டக் கதவைத் தகர்த்து, சில நாள் சிறையிலும் இருந்தார். இவனுக்குப் படிப்பு சரிப்பட்டு வராது என்று முடிதிருத்துபவரிடமும், செருப்புத் தைப்பவரிடமும் அப்பா வேலை பழக விட்டார்.

1868 கோடையில் அப்பா வேறு வழியைப் பிடித்தார். மகனை இடுகாட்டுக்குக் கூட்டிப்போய், அங்கே கிடந்த மனித எலும்புகளை எடுத்துவந்து உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். ஒரு எலும்பை வரையணும்னா, அதன் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் உற்றுப் பார்க்கணும். கஹாலுக்கு அது பிடித்துப்போனது. ஓவிய ஆசையும் டாக்டர் படிப்பும் கைகோத்தது அப்போதுதான். 1873-ல் சரகோசாவில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

கியூபா கொடுத்த காய்ச்சலும் காசும்

அடுத்த வருடமே ராணுவ டாக்டராக, அப்போது ஸ்பெயினின் காலனியாக இருந்த கியூபாவுக்குப் போனார். அங்கே மலேரியாவும் சீதபேதியும் ஆளை உருக்குலைத்தன. 1875-ல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். மிஞ்சியது கொஞ்சம் சம்பளப் பணம். அதை வைத்துத் தவணை முறையில் ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கி, வீட்டு மாடியில் லேப் போட்டார்.

பிறகு காசநோய் வந்து, அதிலிருந்தும் மீண்டார். வலென்சியாவில் உடற்கூறியல் பேராசிரியர் ஆனார். 1885-ல் அங்கே காலரா பரவியபோது அதைப் பற்றி ஆய்வு செய்தார். அதற்கு நன்றியாகச் சரகோசா மாகாண நிர்வாகம் கொடுத்தது, ஒரு நவீன ஸீஸ் மைக்ரோஸ்கோப். அதுவரை அவரிடம் இல்லாத தரமான கருவி அது.

சண்டை எதைப் பற்றி?

மூளைத் திசுவை வழக்கமான சாயத்தில் பார்த்தால், சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரிதான் தெரியும். எது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அதனால், நரம்பு இழைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வலையாக இருக்கின்றன என்று பல விஞ்ஞானிகள் நம்பினார்கள்.

1873-ல் இத்தாலியின் கமிலோ கோல்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் மட்டும் முழுசாகக் கறுப்பாகும். மற்றதெல்லாம் நிறமில்லாமல் ஒதுங்கிவிடும். ஆனால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அதனால் பலர் இதைச் சீண்டவில்லை.

1887-ல் மாட்ரிட்டில் மனநல மருத்துவர் லூயிஸ் சிமாரோ இந்த முறையில் தயாரான ஸ்லைடுகளைக் கஹாலுக்குக் காட்டினார். அதே வருடம் கஹால் பார்சிலோனா போய்ச் சேர்ந்தார். அங்கே அந்த முறையில் சில மாற்றங்கள் செய்தார்.

ஒன்று, திசுவை இரண்டு முறை ஊறவைத்தார். இன்னொன்று, கொஞ்சம் தடிமனாக வெட்டினார். மூன்றாவதுதான் முக்கியம். வளர்ந்த விலங்குகளை விட்டுவிட்டு, கருவில் இருப்பதையும் பிறந்த குட்டிகளையும் எடுத்துக்கொண்டார். வளர்ந்த நரம்பு இழையின் மேல், ஒயருக்கு உறை போல மயலின் என்ற பொருள் சுற்றியிருக்கும். அங்கே சாயம் ஏறாது. இளம் திசுவில் அந்த உறை இன்னும் வந்திருக்காது.

1888-ல் பறவைகளின் சிறுமூளையில் அவர் பார்த்தது இதுதான்: ஒரு செல்லின் இழை இன்னொரு செல்லைச் சுற்றிக்கொள்கிறது, நெருங்குகிறது, ஆனால் அதோடு கலந்துவிடுவதில்லை. அங்கேயே முடிந்துவிடுகிறது. வில்ஹெல்ம் ஹிஸ், அகஸ்ட் ஃபோரல் ஆகியோர் ஏற்கெனவே இப்படி இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கஹால் அதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டினார்.

பெர்லினில் நடந்தது என்ன?

சரி, கண்டுபிடிச்சாச்சு. யார் படிப்பாங்க? அறிவியல் உலகம் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் பேசிக்கொண்டிருந்தது. கஹால் எழுதியது ஸ்பானிஷில். சொந்தச் செலவில் ஒரு இதழ் தொடங்கி, வெறும் 60 பிரதிகள் அச்சடித்து வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1889 அக்டோபரில் ஸ்லைடுகளையும் தன் ஸீஸ் மைக்ரோஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு, சொந்தக் காசில் பெர்லின் போனார். ஜெர்மன் உடற்கூறியல் சங்கத்தின் மாநாடு. தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் ஒவ்வொருவரையும் அழைத்து லென்ஸில் பார்க்கச் சொன்னார். துறையின் மூத்தவர் ஆல்பர்ட் கோலிக்கர் பார்த்தார், மனம் மாறினார். பிறகு கஹாலைப் படிப்பதற்காகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். 1891-ல் வில்ஹெல்ம் வால்டேயர் இந்தச் செல்லுக்கு நியூரான் என்று பெயர் வைத்தார்.

ஒரே மேடை, எதிரெதிர்க் கருத்து

1906 மருத்துவ நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்துக் கிடைத்தது. மருத்துவத்தில் பரிசு பகிரப்பட்டது அதுவே முதல் முறை. கோல்ஜி தன் நோபல் உரையிலேயே நியூரான் கொள்கையை எதிர்த்துப் பேசினார். மறுநாள் கஹால் தன் உரையில் ஆதாரங்களை அடுக்கினார். 1950-களில் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்தபிறகு இரண்டு செல்களுக்கு நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளி நேரடியாகவே தெரிந்தது. சில செல்களுக்கிடையே நேரடி மின் இணைப்பு உண்டு என்பதும் பிறகு தெரியவந்தது. ஆனாலும் செல்கள் தனித்தனிதான்.

அவர் திறந்த கதவுகள்... மூடிய ஒன்று

1907-ல் ஸ்பெயின் இளைஞர்களை உதவித்தொகையோடு வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் அரசு அமைப்புக்குக் கஹால் தலைவரானார். தனக்குக் கிடைக்காத வாய்ப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது.

எல்லாமே பாராட்டும்படி இல்லை. அவர் லேபில் வளர்ந்த பியோ டெல் ரியோ ஓர்டேகா, 1919-ல் மைக்ரோக்ளியா என்ற செல்களைத் தெளிவாக அடையாளம் கண்டார். கஹால் முன்பு சொன்னதைத் திருத்திய கண்டுபிடிப்பு அது. உறவு கசந்தது. 1920-ல் ஓர்டேகாவை லேபை விட்டே கஹால் வெளியேற்றினார்.

ஆனால் ஓர்டேகாவின் வேலை நிற்கவில்லை. அவரிடம் சாயமேற்றும் முறைகளைக் கற்க 1924-ல் மாட்ரிட் வந்தார் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். அவர்தான் 1934-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அங்கே பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் சிஎம்சியில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல்.

கஹால் 1934 அக்டோபர் 17-ல் மாட்ரிட்டில் இறந்தார். அப்பா வேண்டாம் என்று தடுத்த அந்தக் கை வரைந்த ஆயிரக்கணக்கான படங்களை ஸ்பெயின் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது. 2017-ல் அவருடைய ஆவணத் தொகுப்பு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. அவர் வரைந்த நியூரான்கள் மருத்துவ மாணவர்களின் புத்தகங்களில் இன்னும் இருக்கின்றன.