உடம்பு சொன்ன நீதி

அறுவை அறையின் மேஜையில் ஒரு குழந்தை. மயக்க மருந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் வராத காலம். கத்தி பட்டால் வலியைத் தாங்கியே ஆகவேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவருக்குப் பொறுக்க முடியவில்லை. அறுவை முடிவதற்குள் வெளியே ஓடிவிட்டார். பிறகு அந்தப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவர்தான் சார்லஸ் டார்வின். உயிரினங்கள் தோன்றிய விதத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்.

டாக்டர் மகன்

டார்வின் 1809-ல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை பெரிய டாக்டர். மகனையும் டாக்டராக்க 1825-ல் எடின்பரோவுக்கு அனுப்பினார். இரண்டே ஆண்டுகளில் மகன் அந்தப் படிப்பை விட்டுவிட்டார்.

ஓடத்தில்

1831-ல் 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டார் டார்வின். 1832-ல் பிரேசில் நாட்டை அடைந்தார். அங்கே அடிமை முறை இருந்தது.

ஒருநாள் ஓடத்தில் ஏறினார். கூட இருந்தவர் ஓர் அடிமை. சொன்னது அவருக்குப் புரியவில்லை. டார்வின் உரக்கப் பேசிக் கையை ஆட்டினார். கை அவர் முகத்தருகே போயிற்று. அடி விழப்போகிறது என்று பயந்த அந்த மனிதர், கைகளைத் தொங்கவிட்டுக் கண்களைப் பாதி மூடிக்கொண்டார். நல்ல பலசாலி, ஆனால் தடுக்கக்கூடத் துணியவில்லை!

டார்வினுக்கு வெட்கமும் அருவருப்பும் பொங்கின. அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

காப்டனுடன் சண்டை

கப்பல் காப்டன் பிட்ஸ்ராய் அடிமை முறையை ஆதரித்தார். ஒரு பண்ணையார் தம் அடிமைகளிடம் விடுதலை வேண்டுமா என்று கேட்டாராம். எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். எஜமானர் எதிரில் சொன்ன பதிலுக்கு என்ன மதிப்பு என்று கேட்டார் டார்வின். காப்டன் சீறினார். கப்பலை விட்டே இறங்க வேண்டியிருக்கும் என்று டார்வின் நினைத்தார். சில மணி நேரத்தில் காப்டனே மன்னிப்புக் கேட்டார்.

அறிவும் வேண்டும்

பிறர் துன்பம் கண்டு இரங்கும் உணர்ச்சி நீதிக்கு வேர்; அறிவும் பழக்கமும் அதை வளர்க்கின்றன. 1871-ல் வெளியிட்ட நூலில் டார்வின் இப்படி விளக்கினார்.

அதன்படியே நடந்தார். உயிருள்ள பிராணிகளை அறுத்து ஆராய்வதை நினைத்தாலே அவருக்குக் குமட்டும், தூக்கம் போய்விடும். ஆயினும் 1875-ல் விசாரணைக் கமிஷன் கேட்டபோது, அந்த ஆராய்ச்சி அடியோடு கூடாது என்று அவர் சொல்லவில்லை. மருத்துவ அறிவு வளர அது தேவை என்றார். மயக்க மருந்து கொடுக்க வழியிருந்தும் கொடுக்காமல் வதைப்பது வெறுக்கத்தக்கது என்றார்.

டார்வின் 1882-ல் காலமானார். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல்தான்.

நெஞ்சு பதறினால் அது ஓர் எச்சரிக்கை மணி. காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது. மணி ஏன் அடிக்கிறது என்று நிதானமாக யோசித்தே முடிவு செய்யவேண்டும்.