வக்கீல் தொழிலை விட்டு பூட்டு செய்யப் போனவர்: யார் இந்த ஆர்தேஷிர் கோத்ரெஜ்?

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். ஷட்டரை இழுத்துவிட்டு, பூட்டைப் பூட்டி, அதை ரெண்டு தடவை தொங்கி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரர் வண்டியை எடுப்பார். உள்ளே கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பீரோ எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நம்ம ஊரில் அதற்குப் பெயர் 'கோத்ரெஜ் பீரோ'தான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் முதலில் ஒரு வக்கீல்.

ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1868-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படித்து முடித்ததும், 1894-ல், ஒரு வழக்குக்காக சான்சிபார் போனார். கட்சிக்காரருக்காக, உண்மை என்று தனக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. மாட்டேன் என்றார். வழக்கும் போச்சு, வக்கீல் தொழிலும் போச்சு. அடுத்து, மேர்வான்ஜி காமாவிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கி அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்தார். சரக்கு தரமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்க வந்தவர், இந்தியாவில் செய்தது என்ற முத்திரை அதில் இருக்கக் கூடாது என்றார். ஆர்தேஷிர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தொழிலும் படுத்துவிட்டது. வியாபாரம் தெரியாத மனுஷன் என்றுதான் அன்று பலரும் நினைத்திருப்பார்கள்.

அந்தச் சமயம் பம்பாயில் திருட்டு பெருகிவிட்டது என்ற செய்தி பேப்பரில் அவர் கண்ணில் பட்டது. மறுபடியும் காமாவிடமே போய் நின்றார். 1897 மே மாதம் லால்பாக்கில் ஒரு சின்ன ஷெட்டில், பன்னிரண்டு தொழிலாளர்களோடு பூட்டுத் தொழில் ஆரம்பமானது. பூட்டின் பெயர் 'ஆங்கர்'. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றைத் திறக்காது என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் அடுத்து வருகிறது. லீவர் பூட்டுக்குள் தகடுகள் அடுக்காக இருக்கும். சாவி அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். தகடுகளைத் திரும்பக் கீழே தள்ளுவது மெல்லிய ஸ்பிரிங். பூட்டில் முதலில் உயிரை விடுவது பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிங்கே இல்லாத பூட்டை உருவாக்கி 1909-ல் காப்புரிமை வாங்கினார் ஆர்தேஷிர். இன்றைக்கும் நம் கடைப் பூட்டுகளில் பாதி தொல்லை இந்த உறுப்புகளால்தான். சாவி இறுகுகிறது என்றதும் தேங்காய் எண்ணெய் விடுவது நம்ம பழக்கம். அது தூசியைச் சேர்த்து பிசினாகிவிடும். பூட்டுக்காரர்கள் தரும் கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும். திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். தேய்ந்த சாவியைக் காட்டி நகல் எடுத்தால் நகலும் தேய்ந்ததாகவே வரும். புதுசாக இருக்கும்போதே இன்னொன்று எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பேட்டரி பெட்டகம் வைத்திருப்பவர்களில் சிலர், அவசரத்துக்கான சாவியை அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

பூட்டிலிருந்து இரும்புப் பெட்டிக்கு வந்தார் ஆர்தேஷிர். முதல் பெட்டகம் 1902-ல். மூலைகளில் இணைப்புதான் பலவீனம் என்று, ஒரே தகட்டை மடித்து உடலைச் செய்தார். கதவுக்கு இரட்டைத் தகடு, பூட்டை உள்தகட்டில் பொருத்தினார். 1925-ல் கல்கத்தா தர்மதலாவில் பெரிய தீ விபத்து நடந்தபோது, அவருடைய பெட்டகங்களில் இருந்தவை தப்பின. அதற்குப் பிறகு அவருக்கு விளம்பரமே தேவைப்படவில்லை.

தீயைத் தாங்கும் பெட்டி தண்ணீரையும் தாங்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே நின்றது. தீத்தடுப்புப் பெட்டகத்தின் சுவருக்குள் நிரப்பியிருக்கும் பொருள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துரு உள்ளிருந்து வரும். சாதாரண நாளிலேயே பத்திரங்கள் பூஞ்சை பிடிக்க இதுவும் ஒரு காரணம். சிலிக்கா ஜெல் பை போடுங்கள், வாரம் ஒரு தடவை கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். நனைந்துபோன பெட்டியை, பூட்டு இறுகுவதற்குள் ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும். ஒல்லியான தகடு பீரோ பெட்டகமே இல்லை. பெட்டகத்துக்கு ஐ.எஸ். 550 என்று தனித் தரக் குறியீடு இருக்கிறது. அது இருந்தாலும், தரையோடு போல்ட் போடாத சின்னப் பெட்டியைத் திருடன் திறக்க மாட்டான், அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஆர்தேஷிர் பூட்டோடு நிற்கவில்லை. மிருகக் கொழுப்பு சேர்க்காமல் தாவர எண்ணெயில் சோப்பு செய்தார். அதன் பெயர் 'சாவி'. 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். சொந்த வாழ்க்கையில் சுகப்படவில்லை. மனைவியை இளம் வயதிலேயே இழந்தவர், பிள்ளைகள் இல்லை, மறுமணமும் செய்துகொள்ளவில்லை.

1928-ல் கம்பெனியை மொத்தமாகத் தம்பி பிரோஜ்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு நாசிக் போனார். அங்கே விவசாயம் செய்து பார்த்தார், லாபம் வரவில்லை. 1936-ல் காலமானார். பதினைந்து வருஷம் கழித்து, சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கான இரும்பு ஓட்டுப் பெட்டிகள் அவர் தொடங்கிய கம்பெனியின் விக்ரோலி ஆலையில் தயாராகின.