சாம்பியன் டீம் கடைசி இடத்துக்குப் போனது ஏன்? கோல்கீப்பர் ஜார்ஜ் வெஸினாவின் கதை

1924இல் ஸ்டான்லி கோப்பை. 1925இல் மறுபடியும் இறுதிச் சுற்று. 1926இல், 7 அணிகள் கொண்ட லீக்கில் கடைசி இடம்! கனடாவின் புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி அணியான மாண்ட்ரியல் கனேடியன்ஸ் இப்படிச் சரிந்ததற்கு முக்கியக் காரணம், ஒரே ஒரு மனிதர் இல்லாமல் போனதுதான். அவர் பெயர் ஜார்ஜ் வெஸினா.

யார் இந்த வெஸினா?

கியூபெக் மாகாணத்தின் சிக்கூட்டிமி ஊரில் 1887இல் பிறந்தவர். அப்பா பேக்கரி வைத்திருந்தார். வெஸினா சின்ன வயதில் சாதாரண ஷூ போட்டுக்கொண்டே கோல் முன்னால் நின்று பழகினார். ஸ்கேட்ஸ் மாட்டி விளையாட ஆரம்பித்ததே பதின்வயதின் கடைசியில்தான்.

1910இல் ஒரு நட்புப் போட்டிக்காக அந்த ஊருக்கு வந்த கனேடியன்ஸ் அணி, உள்ளூர் டீமிடம் தோற்றுப்போனது. தங்களைத் தடுத்து நிறுத்திய கோல்கீப்பரை அதே ஆண்டு டிசம்பரில் தங்கள் அணியிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

என்ன சாதித்தார்?

அன்றைய கோல்கீப்பர்களுக்கு முகக்கவசம் கிடையாது. 1918 ஜனவரி வரை, பந்துக்குப் பதிலாகப் பயன்படும் ரப்பர் வட்டைத் தடுக்கக் கீழே விழுந்தாலே பெனால்ட்டி. நின்றபடியேதான் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட காலத்தில், 15 ஆண்டுகள் ஒரு மேட்ச்கூட விடாமல் ஆடினார் வெஸினா. தொடர்ந்து 328 லீக் போட்டிகள், 39 பிளேஆஃப் போட்டிகள். 1916, 1924 என 2 முறை ஸ்டான்லி கோப்பை. அதிகம் பேசமாட்டார், பதற்றப்படவும் மாட்டார். அந்த நிதானத்துக்காகவே ரசிகர்கள் அவருக்கு 'சிக்கூட்டிமி வெள்ளரிக்காய்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அந்த இரவில் என்ன நடந்தது?

1925 நவம்பர் 28. சீசனின் முதல் மேட்ச், எதிரணி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். கடும் காய்ச்சலோடுதான் களமிறங்கினார் வெஸினா. ஆட்டத்தின் 3 பகுதிகளில் முதல் பகுதி முழுக்க ஒரு கோலும் விடவில்லை. அதற்கு மேல் உடம்பு தாங்கவில்லை. அதுதான் அவர் ஆடிய கடைசி மேட்ச்.

பரிசோதனையில் தெரிந்தது காசநோய். இன்று மாத்திரையால் குணப்படுத்தக்கூடிய நோய்தான். ஆனால், அதற்கான முதல் ஆன்டிபயாட்டிக் கண்டுபிடிக்கப்பட்டதே 1940களில். எனவே, ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் அன்றைய சிகிச்சை. வெஸினா சொந்த ஊருக்குத் திரும்பினார்.

டீம் என்ன ஆனது?

அந்தக் காலத்தில் பொதுவாக ஒரு டீமுக்கு ஒரே கோல்கீப்பர்தான். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? கையில் இருப்பவரை நிறுத்த வேண்டியதுதான். முதலில் அல்ஃபோன்ஸ் லக்ரா, பிறகு ஹெர்ப் ரியூம் என ஆள் மாறினார்களே தவிர, நிலைமை மாறவில்லை.

முந்தைய சீசனில் 30 போட்டிகளில் 56 கோல் மட்டுமே விட்ட அணி, இந்த முறை 36 போட்டிகளில் 108 கோல் விட்டது. தடுப்பாட்ட நட்சத்திரம் ஸ்பிரேக் கிளெக்ஹார்னும் அந்த சீசனுக்கு முன்பே பாஸ்டன் அணிக்குப் போய்விட்டார். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தொடர்ந்து 12 தோல்விகள். கனேடியன்ஸ் வரலாற்றில் இன்றும் அதுதான் மிக நீண்ட தோல்வித் தொடர். மொத்தம் 11 வெற்றி, 24 தோல்வி, 1 டிரா.

கோப்பையை வென்றது யார் தெரியுமா? அதே ஊரின் இன்னொரு அணியான மாண்ட்ரியல் மரூன்ஸ்! அதைப் பார்க்க வெஸினா இல்லை. மார்ச் 27 அன்று, 39 வயதில், சிக்கூட்டிமியில் காலமானார்.

பெயர் எப்படி நிலைத்தது?

அடுத்த சீசனில் கனேடியன்ஸ் உரிமையாளர்கள் வெஸினா டிராஃபியை லீக்குக்கு வழங்கினார்கள். குறைந்த கோல் விட்ட அணியின் கோல்கீப்பருக்கான பரிசு அது. முதல் முறை வென்றவர், வெஸினாவின் இடத்துக்கு வந்த ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த். 28 வெற்றிகளோடு அணியும் மீண்டு எழுந்தது.

ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஓடிவிட்டன. லீக்கின் சிறந்த கோல்கீப்பருக்கு இன்றும் தரப்படுவது அதே வெஸினா டிராஃபிதான்.