குடும்பக் கோர்ட்டு கேட்ட துர்க்காபாய்

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வடக்கே போனால் வேலூர். அங்கே பெரிய சிறைச்சாலை இருக்கிறது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி, அந்தச் சிறைக்கு ஓர் இளம்பெண் வந்தார். வயது 20. பெயர் துர்க்காபாய். பிறகு மதுரைச் சிறையிலும் இருந்தார்.

சிறை வாழ்வில் அவர் கண்ட காட்சி மனத்தை உலுக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் தண்டனை பெற்றுக் கிடந்தார்கள். தங்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. சட்டம் படித்து இவர்களுக்கு உதவ வேண்டும் என்று துர்க்காபாய் உறுதி கொண்டார்.

நேருவைத் தடுத்த சிறுமி

துர்க்காபாய் 1909-ல் ராஜமுந்திரியில் பிறந்தார். 8 வயதில் திருமணம் செய்து வைத்தார்கள். விவரம் தெரிந்த பிறகு அந்த மணவாழ்விலிருந்து விலகினார்.

1923-ல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அங்கே கதர்ப் பொருட்காட்சி வாசலில் அவர் தொண்டராக நின்றார். டிக்கெட் இல்லாமல் வந்த நேருவைத் தடுத்துவிட்டார்! டிக்கெட் வாங்கிய பிறகே உள்ளே விட்டார்.

1942-ல் சென்னையில் சட்டப் படிப்பை முடித்து வக்கீல் ஆனார். 1946-ல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர் ஆனார்.

சீனாவில் கண்டது

1950-களின் தொடக்கத்தில் அவர் சீனா சென்றார். அங்கே குடும்ப வழக்குகளுக்குத் தனிக் கோர்ட்டு இருப்பதைக் கண்டார்.

நம் நாட்டில் வரப்புத் தகராறும் கணவன் மனைவி தகராறும் ஒரே கோர்ட்டுக்குப் போயின. வாய்தா மேல் வாய்தா. வீட்டுக் கதை ஊர் முன்னே அம்பலமாகும். இதை மாற்ற வேண்டும் என்று நீதிபதிகள் சாக்ளாவிடமும் கஜேந்திரகட்கரிடமும் துர்க்காபாய் பேசினார். பிரதமர் நேருவிடமும் யோசனை சொன்னார். அன்று வாசலில் தடுக்கப்பட்ட அதே நேருதான்!

கனவு பலித்தது

1981-ல் துர்க்காபாய் காலமானார். மூன்று ஆண்டு கழித்து, 1984-ல், குடும்பக் கோர்ட்டுச் சட்டம் வந்தது. பெண்கள் சங்கங்களும் அதற்காகப் போராடியிருந்தன.

இந்தக் கோர்ட்டில் நீதிபதி முதலில் இருவரையும் சமாதானப்படுத்தப் பார்க்க வேண்டும். புத்தி சொல்ல ஆலோசகர்கள் உண்டு. வக்கீல் இல்லாமலே வழக்கைச் சொல்லலாம். விரும்பினால் கதவை மூடி விசாரிப்பார்கள். நீதிபதியாகப் பெண்களை நியமிப்பதில் முன்னுரிமை உண்டு.

வாய்தா இன்னும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் சட்டம் தெரியாத பெண்ணும் தன் குறையைத் தன் வாயாலேயே நீதிபதியிடம் சொல்ல வழி பிறந்தது. சிறையில் அந்த இளம்பெண் கொண்ட உறுதி வீண்போகவில்லை.